அப்பாவைத் தூக்கின கை

அன்புள்ள ஸ்வேதாவுக்கு அம்மா எழுதறது. இங்க நானும் அப்பாவும் சௌக்கியம், அந்த வெளிநாட்டுக் குளிர்ல நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் உடம்பைப் பாத்துக்கிட்டு நல்லா இருக்கணும். போன்ல பேசினா அப்பா பக்கத்துலயே உக்காந்திருக்கார், அதனாலதான் லெட்டர்.

அஞ்சு மாசமா உன்கிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததுலருந்து ரெண்டு வருஷமா அவரைக் கட்டில்லருந்து தூக்கி நிறுத்தறது நான்தானே, அதுல என் வலது முழங்கை கெட்டுப்போச்சு. தை மாசம் ஒருநாள் காலையில தூக்கும்போது சுரீர்னு இழுத்துச்சு, பிடி விட்டுப்போச்சு, அப்பா கீழ விழுந்துட்டார். அடி ஒண்ணும் இல்ல. பக்கத்து வீட்டு சைரா ஓடிவர்ற வரைக்கும் ரெண்டு பேரும் தரையிலயே உக்காந்திருந்தோம். ஸ்வேதாகிட்ட சொல்லாதன்னு அப்பா சொன்னார்.

வேலூர் டாக்டர் இது டென்னிஸ் எல்போ, ஷாக் வேவ் வெச்சுப் பாக்கலாம்னார். நான் கரண்ட் ஷாக்னு பயந்துட்டேன், அப்படி இல்லையாம், அதிர்வு குடுக்கற மிஷினாம். பிசியோ பொண்ணு கலையரசி முதல்ல ஒரு பேப்பரை வெச்சுக்கிட்டு நிறைஞ்ச டம்ளரைத் தூக்க முடியுதா, ஈரத்துணி பிழிய முடியுதான்னு கேட்டா. துணின்னதும் உன் யூனிஃபார்ம் ஞாபகம் வந்துச்சு. மழைக்காலத்துல நான் பிழிஞ்சு குடுப்பேன், அப்பா இஸ்திரிப் பெட்டியை வெச்சே காயவெப்பார், நீ சூடா இருக்குன்னு குதிச்சுக்கிட்டே போட்டுக்குவ. ரெண்டும் முடியலன்னு சொன்னேன்.

வாரம் ஒருதடவை, அஞ்சு வாரம். முழங்கையில ஜெல் தடவி டக்டக்டக்னு அடிப்பா, பல்லைக் கடிச்சுக்குவேன். மூணாவது வாரம் வலி ஜாஸ்தியாகி, போதும்டா சாமின்னு ஆயிடுச்சு. கலையரசி, சில பேருக்கு இந்த வைத்தியம் கேக்கறதே இல்லம்மா, ஆனா பாதியில விடாதீங்க, அப்பாவை மட்டும் தூக்காதீங்கன்னா. அதை வந்து சொன்னதும் அப்பா, இனிமே என்மேல கையை வைக்காத, நானே எழுந்துக்கறேன்னுட்டார். சைரா வீட்டுக்காரர் ரஃபி அகமது கட்டில் பக்கத்துச் சுவர்ல ஒரு பைப் அடிச்சுக் குடுத்தார். அதைப் பிடிச்சுக்கிட்டு எழுந்திருக்கப் பாப்பார், பொத்துனு உக்காருவார், வேர்த்துக் கொட்டும், பேஜாராகி என்னைத் திட்டுவார். பைப் அடிச்ச ஆறாவது வாரம் எழுந்து நின்னுட்டார்.

என் கையும் இப்போ தேவல, துணி பிழியறேன், காலையில மட்டும் கொஞ்சம் வலிக்குது. போன ஞாயித்துக்கிழமை கை சரியாயிடுச்சேன்னு ஆசையா நீட்டினேன். வேணாம், தள்ளி நில்லுன்னுட்டு அவரே வாசல் வரைக்கும் நடந்துட்டார். சந்தோஷம்தான். ஆனா சமையக்கட்டுக்குப் போய் அழுதேன் ஸ்வேதா. கல்யாணமான புதுசுல வேலூர் லாங் பஜார்ல கைவண்டிக்கும் ஸ்கூட்டருக்கும் நடுவுல என் கையைப் பிடிச்சுக்கிட்டே நடப்பார், எல்லாரும் பாக்கறாங்க விடுங்கன்னு நான் உதறுவேன். இந்த ரெண்டு வருஷமா தூக்கற சாக்குல நான் அந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டு இருந்திருக்கேன்னு அப்பதான் தெரிஞ்சுது.

நீங்க மூணு பேரும் நோய்நொடி இல்லாம நூறு வருஷம் இருக்கணும். குட்டியை ஒரே கையில தூக்கி வெச்சுக்கிட்டு வேலை செய்யாத. அப்பாகிட்ட விழுந்ததைப் பத்திக் கேக்காத, எவ்ளோ தூரம் நடந்தீங்கன்னு மட்டும் கேளு.

உன் அம்மா
மனோரமா கோதண்டராமன்
குடியாத்தம்