வேலிமேல் முதுகு காட்டி நின்றவனுக்கு

மச்சான்,

நேற்றைய கால்பந்து ஆட்டத்தின் பாதியில் உன் மெகாபோன் செத்துப்போனது. இன்று காலை பிரித்தேன். பேட்டரி கசிந்து முனைகள் பச்சை பிடித்திருந்தன. தேய்த்துத் துடைத்து, அறுந்த ஒயரைப் பற்றவைத்தேன். அரை மணி நேர வேலை. வாயருகே வைத்துச் சோதித்தபோதுதான் அந்தத் தைல வாடை வந்தது. ஆட்டத்துக்கு முன் தொண்டையில் பூசிக்கொள்வாயே, அதே வாடை. டெங்கிக் காய்ச்சலில் நீ போய் எட்டு மாதமாகிறது. இந்த பிளாஸ்டிக்குக்கு அது தெரியாது போல.

ஈப்போ ஸ்டேடியத்தில் உன்னை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. நான் லிஃப்ட் பழுது பார்ப்பவன். எதற்கும் காரணம் வேண்டும். நீயோ கம்பி வேலிமேல் ஏறி, திடலுக்கு முதுகைக் காட்டி, முந்நூறு பேரைப் பாடவைத்துக்கொண்டிருந்தாய். தொண்ணூறு நிமிடமும் அப்படியே.

"டிக்கெட் வாங்கிட்டு மேட்ச் பாக்காம ஏன் ப்ரோ நிக்கிற?"

"எல்லாரும் மேட்ச் பாத்தா யாருலா பாடுறது? நீ புது ஆளா? நல்லதாப் போச்சு. இங்க கீழ நில்லு. நீ பாரு, பாத்து எனக்குச் சொல்லு."

அதுதான் நம் ரசிகர் கூட்டத்தின் வழக்கம். புதிதாக வருகிறவர் உனக்கு நேர் கீழே, முதல் வரிசையில் நிற்க வேண்டும். பாட்டு தெரியாவிட்டாலும் பரவாயில்லை. திடலில் நடப்பதைக் கையால் காட்ட வேண்டும். பந்து நம் பக்கம் வந்தால் உள்ளங்கை கீழே, நாம் முன்னேறினால் ஒரு கை மேலே, கோல் என்றால் இரண்டு கையும். அதைப் பார்த்துத்தான் நீ பாட்டை மாற்றுவாய்.

எனக்கு அது அபத்தமாகப் பட்டது. அடுத்த ஆட்டத்துக்கு மோட்டார்சைக்கிள் கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்து வேலியில் கட்டினேன். "இதுல பாத்துக்கோ. ஆள் தேவையில்ல."

நீ அதில் தலைமுடியைச் சரிசெய்துகொண்டாய். "ஐயோ, இஞ்சினியரு! கண்ணாடியில பந்து தெரியும் மச்சான். அடுத்த வாரம் நீ வருவியா?" கழற்றி என் கையிலேயே கொடுத்துவிட்டாய்.

மூன்றாவது ஆட்டத்தில் நான் செய்த கூத்து உனக்கு மறந்திருக்காது. பந்து பட்டு வலையின் பக்கவாட்டு வெளிப்புறம் குலுங்கியது. உள்ளே போய்விட்டது என்று நினைத்து இரண்டு கையையும் தூக்கிவிட்டேன். என்னை நம்பி நீ கோல் பாட்டைத் தொடங்கினாய். பின்வரிசைகள் துள்ளின. எதிர்க்கூட்டம் நம்மைப் பார்த்துச் சிரித்தது. அப்படியே நழுவிப் போய்விடலாம் என்றிருந்தது. நீ திரும்பி ஸ்கோர் பலகையைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய், மெகாபோனைத் தூக்கினாய். "நம்ம சைட் நெட்டு முதல் கோல் அடிச்சிருக்காரு! இன்னொரு வாட்டி பாடுங்கப்பா!" பாடினார்கள். அன்றிலிருந்து என் பெயரே 'சைட் நெட்' ஆகிவிட்டது. பெயர் வைத்தபின் எங்கே ஓடுவது?

நீ போனபிறகு வேலி காலியாக இருந்தது. டிரம் மட்டும் ஒலித்தது. என்னை ஏறச் சொன்னார்கள். ஆட்டம் பார்க்கத்தான் வருகிறேன், முடியாது என்றேன்.

போன மாதம் தைப்பிங்கிலிருந்து ஓர் அக்கா தனியாக வந்தார். மருத்துவமனைத் தாதி. "தம்பி, நான் எங்க நிக்கணும்?" என்று கேட்டார்.

"எங்க வேணும்னாலும் நில்லுங்கக்கா. இடம் சும்மாதான கெடக்கு." திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னேன்.

மேல் படியில், ஓர் ஓரமாகப் போய் நின்றார். இடைவேளைக்குப் பிறகு ஆளைக் காணோம். அதற்கு முன்பும் இரண்டு பேர் அப்படியே வந்து, அப்படியே போயிருந்தார்கள். வேலியில் ஆளில்லை என்றால் புதியவருக்கு அங்கே வேலையில்லை. இப்படியே போனால் நம் கூட்டம் இன்னொரு சீசன் தாங்காது. கண்ணாடியைக் கழற்றியபோது நீ கேட்டது மூன்று ஆண்டு கழித்துத்தான் இந்த மண்டையில் ஏறியது.

வருவதற்கு முன்பே நம் வாட்ஸ்அப் குழுவில் அவர் சேர்ந்திருந்தார்; அதில் எண்ணைத் தேடி எழுதினேன். "அன்னிக்கு நான் பேசினது தப்புக்கா. சனிக்கிழமை வாங்க, உங்களுக்கு ஒரு வேலை இருக்கு."

"டியூட்டி முடிஞ்சு வந்தா அங்கயும் வேலையா?" என்று பதில் வந்தது. ஆனால் நேற்று வந்துவிட்டார். நான் வேலியில் ஏறினேன்.

"எனக்கு ஆஃப்சைடே தெரியாது தம்பி."

"பரவால்லக்கா. தெரிஞ்சதைக் காட்டுங்க."

முதல் பத்து நிமிடம் என் கழுத்து தானாகத் திடல் பக்கம் திரும்பியது. "ஓய், இங்க பாருலா!" என்று டிரம்காரர் இரண்டு முறை அதட்டினார். மெகாபோன் நின்றபிறகு வெறும் தொண்டையில் கத்தினேன். அக்காவின் கை ஏறியும் இறங்கியும் சொன்னதை வைத்துப் பாட்டை மாற்றினேன்.

கடைசியில் அவர் கையைத் தூக்கவே மறந்துவிட்டார். வாயைப் பொத்திக்கொண்டார். கண்கள் விரிந்தன. பிறகு பக்கத்தில் நின்ற, பெயர்கூடத் தெரியாத ஒரு மலாய்ப் பெண்ணைக் கட்டிப்பிடித்துக் குதித்தார். அரங்கம் அதிர்ந்தது அதற்குப் பிறகுதான்.

நீ ஆட்டத்தையெல்லாம் இழந்து நிற்கிறாய் என்று மூன்று ஆண்டும் உன்மேல் பரிதாபப்பட்டேன் மச்சான். முட்டாள் நான். எங்கள் எல்லோரையும் விட நல்ல இடத்தில் நின்றவன் நீ.

நேற்றைய கோலின் வீடியோ போனில் கிடக்கிறது. இன்னும் திறக்கவில்லை. யார் அடித்தார், எந்தக் காலால் அடித்தார் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அந்த அக்கா எப்படிச் சிரித்தார் என்று கேள், சொல்கிறேன்.