சோடாவில் சிவந்த மஞ்சள்

அன்புள்ள நெட்டைத் தம்பிக்கு,

இதை நானே எழுதுகிறேன். உறையின் மேல் இருக்கும் விலாசமும் நான் எழுதியதுதான், யாரும் கை பிடிக்கவில்லை. நூலகத்து மாடியில் மாலை வகுப்புக்குப் போகிறேன் என்றதும் சலவைக் கூடமே சிரித்ததே, இப்போது பார். பேருந்தில் போகும்போது கடைப் பலகைகளை எல்லாம் வாய்விட்டுப் படிக்கிறேன். உன் அண்ணி நாலு இருக்கை தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டு, இந்த ஆள் யாரோ எவரோ என்பதுபோல் ஜன்னலைப் பார்க்கிறாள்.

நீயும் தங்கச்சியும் கைக்குழந்தையும் உன் மாமனார் வீட்டில் சௌகரியமாக இருப்பீர்கள் என்று எழுத வந்தேன். எழுத வரவில்லை. வேலை போன மருமகன் மாமனார் வீட்டில் எவ்வளவு சௌகரியமாக இருப்பான் என்று எனக்குத் தெரியாதா?

முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். வரும் திங்கட்கிழமை நீ வேலைக்கு வர வேண்டும். அதே இஸ்திரி உருளை, அதே சம்பளம். மேனேஜரே சொல்லிவிட்டார்.

இங்கே குளிர் எலும்பு வரை போகிறது. கண்ணாடியில் உள்பக்கமே நீர் வழிகிறது. இந்தக் குளிரில், சலவைக் கூடத்தில் நான் சூப் வைத்த அந்தப் பாத்திரத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. பூசணி, கேரட், பார்லி, பட்டாணிப் பருப்பு, தட்டிய பூண்டு, இஞ்சி, மிளகு. மூடியை இறுக்கி நீராவிக் குழாயின் மேல் வைத்தால் போதும். கிண்டவும் வேண்டாம், பார்க்கவும் வேண்டாம். மதியத்துக்குள் பருப்பு கரைந்து, பார்லி மலர்ந்து, பூசணி இருந்த இடம் தெரியாது. குழாயைச் சுற்றியிருந்த துணியை அந்த இடத்தில் பிரித்து வைத்ததும் நான்தான். இவர் இதைத் தொடமாட்டார், அவர் அதைத் தின்னமாட்டார் என்ற வம்பே வேண்டாமென்றுதான் கறியும் மீனும் இல்லாமல் வைத்தேன். மடிப்பு மேஜைப் பெண்கள் ரொட்டியோடு வருவார்கள். மேனேஜருக்கும் ஜலதோஷம் பிடித்தால் மட்டும் குழாயைச் சோதிக்கத் தோன்றும், கையில் தம்ளரோடு. நீ ஒருவன்தான், வெள்ளைத் துணி புழங்கும் இடத்தில் மஞ்சள் போடாதீர்கள் அண்ணே என்று தினமும் முணுமுணுப்பாய். மஞ்சள் இல்லாத சூப் காய்ச்சல்காரன் முகம் மாதிரி இருக்கும், போடா என்பேன்.

அன்றைக்குக் கை வழுக்கியது எனக்கு. பாத்திரம் கவிழ்ந்த இடத்தில் தள்ளுவண்டி நிறைய, விடுதிக்குப் போகவிருந்த வெள்ளை விரிப்புகள். எல்லாம் மஞ்சள். தண்ணீரில் அலசி வெயிலில் போட்டால் வெளுத்துவிடும் என்றாய். அந்தக் குளிரில் வெயிலுக்கு எங்கே போவது? மேனேஜர் வருவதற்குள் மறைக்க வேண்டுமே என்று, நீ தடுக்கத் தடுக்க, அத்தனையையும் இயந்திரத்தில் திணித்து சலவைச் சோடாவை அள்ளிக் கொட்டினேன். மஞ்சளில் சோடா பட்டால் சிவக்கும் என்பது இந்தத் தொழிலில் தலை நரைத்த எனக்குத் தெரியாததா? பயம் வந்தால் புத்தி புல் மேயப் போய்விடுகிறது. வெளியே எடுத்தபோது கொலை நடந்த வீட்டு விரிப்பு மாதிரி இருந்தது.

எவன் வேலை இது என்று மேனேஜர் கத்தினார். நீ என்னைப் பார்த்தாய். நான் என் செருப்பைப் பார்த்தேன். நான்தான் சார் என்று நீ சொன்னாய். கிழவனை அனுப்பினால் வேறு எவனும் சேர்க்கமாட்டான், நமக்கென்றால் எப்படியாவது ஓடிவிடும் என்று நினைத்திருப்பாய். அவர் அன்றைக்கே உன் கணக்கை முடித்து அனுப்புவார் என்று நினைத்திருக்கமாட்டாய். நீ வாசலைத் தாண்டும் வரை எனக்கு நேரம் இருந்தது தம்பி. அன்று மதியம் மற்றவர்களோடு உட்கார்ந்து ரொட்டி தின்றேன். அது தொண்டையில் இறங்கவும் செய்தது.

உன் அண்ணியிடம், உனக்கு வேறு நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டாய் என்று அளந்தேன். சொல்லிக்கொள்ளாமல் போகிற பிள்ளை இல்லையே என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு எழுத்துக் கூடியதும், முதல் கடிதம் நெட்டைக்குத்தான் போக வேண்டும் என்று தாள் வாங்கிக் கொடுத்தாள். உட்கார்ந்தேன். அன்புள்ள தம்பிக்கு என்று ஒரு வரி எழுதினேன். அதற்கு மேல் பேனா நகரவில்லை. எழுத்து மறந்துவிட்டதா என்று கேலி செய்தாள். அப்போதுதான் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தேன். என் முன்னால் ஆவி பறந்துகொண்டிருந்த கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அந்தப் பிள்ளை வீட்டில் இன்றைக்கு என்ன வெந்ததோ என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் மேனேஜரிடம் போய் நின்றேன். குழாய்த் துணியைப் பிரித்தது, சூப்பைக் கொட்டியது, சோடா, உன்னைப் போகவிட்டது, ஒன்று விடாமல் சொன்னேன். விடுதிக்காரர்களுக்கு யாராவது ஒருவன் பதில் சொல்லித்தானே ஆக வேண்டும் என்றார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் இருமினார். பிறகு, அந்த சூப்பில் போட்டது பச்சை இஞ்சியா சுக்கா என்று கேட்டார். இஞ்சி என்றேன். சரி, நெட்டையனை வரச்சொல் என்றார்.

எனக்கு முழங்கால் மக்கர் செய்கிறது. படி ஏறவே விடுவதில்லை. அதனால் நான் வேலையை விட்டுவிட்டேன். முழங்காலால்தான். மேனேஜர் வேறு மாதிரி ஏதாவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே. உருளைப் பக்கம் நின்று என்னைத் தேடிக்கொண்டிருக்காதே, விரல் பத்திரம்.

எனக்கு இங்கே பொழுது நன்றாகப் போகிறது. பருப்புப் பொட்டலத்தைக்கூடப் படித்துவிட்டுத்தான் பிரிக்கிறேன். சம்பளமில்லாத சமையல்காரன் கிடைத்தான் என்று உன் அண்ணிக்கு வாயெல்லாம் பல். நேற்று முட்டைக்கோஸும் உருளைக்கிழங்கும் தக்காளியும் சேர்த்து மெத்தென்று வேகவைத்தேன். பால் கொடுக்கும் தங்கச்சிக்கு, மசூர் பருப்பும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் கீரையும் ஒன்றாகக் குழைய வைத்து, சூடாகக் கொடு. நீயே வைத்துக் கொடு. மாமியாரைக் கேட்காதே.

குழந்தை குளிர் அண்டாமல் வளரட்டும். தங்கச்சி உடம்பு தேறட்டும். நீ திங்கட்கிழமை வேலை முடிந்ததும் நேரே நம் வீட்டுக்கு வா. என்னிடம் எதுவும் கேட்க வேண்டாம், பரவாயில்லை அண்ணே என்றும் சொல்ல வேண்டாம். பசிக்கிறது என்று சொல்லிக்கொண்டு வா, அது போதும்.

உன் வரவுக்காக அடுப்பை அணைக்காமல் இருக்கும்,
அண்ணன்