தொட்டிக்குள் கால் நீட்டி

டிசம்பர் 4, சேக்காடு

விடாத மழை. தெருவில் கணுக்கால் தண்ணீர். பெட்டியை மூன்றாம் முறை அவிழ்த்துக் கட்டி எடை பார்த்தாயிற்று.

கிரேஸ் கட்டிலில் இருந்தபடியே உத்தரவு. போன மாதம் பாத்ரூமில் வழுக்கி, இடது முழங்கால் சில்லு உடைந்து, ஆபரேஷன். மகள் பெனிட்டாவின் பிரசவத்துக்கு இரண்டு பேருமாக சுவிட்சர்லாந்து போவதாக ஏற்பாடு. இப்போது நான் மட்டும். தாய் நிற்கவேண்டிய இடத்தில் தகப்பன் போய் என்ன செய்வது?

எடுத்துவைத்தவை: பிரசவ லேகியம். கருப்பட்டி. வசம்பு. பழைய வேட்டிகள் (குழந்தைக்குத் துணி). தர்மாமீட்டர். பிரஷர் மாத்திரை. பால்சுறாக் கருவாடு, இவள் பிடிவாதத்தால். "பிள்ளைக்குப் பால் ஊற வேணாமா? வெக்கப்படாம எடுத்துட்டுப் போங்க."

துணைக்கு இவள் தங்கை ரூபி திருவேற்காட்டிலிருந்து வந்துவிட்டாள். "அத்தான், குழந்தையைக் கால்ல போட்டுக் குளிப்பாட்டத் தெரியுமா?"

நான் பதில் சொல்லுமுன் இவள்: "வீடியோல நான் சொல்றேன். அவர் கை நடுங்காம இருந்தா போதும்."

சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். மாசக்கணக்காக அந்த ஒரு குளியலைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தவள்.

டிசம்பர் 7, மலை ஊர்

விமானம், ரயில், பஸ். உடம்பெல்லாம் வலி.

விமான நிலையத்தில் சுங்கத்தாரிடம் சொல்ல எதுவும் இல்லாதவர்கள் போக ஒரு வழி. மனம் ஒப்பவில்லை. நானே போய்க் கருவாடு இருக்கிறது என்றேன். அதிகாரி முகர்ந்து பார்த்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே குப்பையில் போட்டார். "கம்முனு வந்திருந்தா ஒருத்தனும் கேட்டிருக்க மாட்டான் மாமா" என்றார் மருமகன் ஜோயல். அம்பத்தூர்க்காரர், இங்கே ஓட்டலில் சமையல். கிரேஸிடம் இன்னும் சொல்லவில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் எதிரே ஏதோ பெரிய சுவர் என்று நினைத்தேன். மலை.

டிசம்பர் 12

பனி. தெருவில் இறங்கப் பயம். இன்னொரு முழங்காலும் போனால் இவர்கள் என்ன செய்வார்கள்? ஜன்னலோரமே கதி. கோயில் மணி கால் மணிக்கு ஒருதரம். யாருக்கு அவ்வளவு அவசரம் இந்த ஊரில்?

வந்ததிலிருந்து வெயிலே இல்லை. மேகம் என்று நினைத்தேன். மலை மறைக்கிறதாம். "சூரியன் பிப்ரவரிலதான் மாமா வரும். லீவுல போய்க்கீது" என்று சிரித்தார் ஜோயல்.

பெனிட்டா என்னை ஒரு வேலையும் செய்ய விடுவதில்லை. பாத்திரம் கழுவினால் சத்தம் அதிகம் என்கிறாள். சும்மா இருந்தால் "போரடிக்குதாப்பா?" என்கிறாள்.

டிசம்பர் 19

பெண் குழந்தை. கீழே டவுன் ஆஸ்பத்திரியில். தாயும் சேயும் நலம். ஸ்தோத்திரம்.

கிரேஸுக்கு போன். "யார் ஜாடை?"

"தெரியலை."

"அதுகூடத் தெரியலையா உங்களுக்கு?"

மறுபடி போய்ப் பார்த்தேன். நிஜமாகவே தெரியவில்லை.

டிசம்பர் 28

குழந்தை வீட்டில். பெயர் நோரா. அரசாங்க ஏற்பாட்டில் ஒரு நர்ஸம்மா வீட்டுக்கே வந்து பார்க்கிறார். நல்ல மாதிரி. வாரத்துக்கு இரண்டு குளியல் போதும் என்கிறார். சேக்காட்டிலிருந்து உத்தரவு: தொப்புள் காய்ந்ததும் தினமும். நடுவில் நான். அவளிடமும் சரி என்கிறேன், இவரிடமும் சரி என்கிறேன்.

போனில் கிரேஸ்: "குழந்தையை இளவெயில்ல காட்டினீங்களா?"

"வெயில் இல்லை."

"ஒருநாள்கூடவா?"

"பிப்ரவரியில் வருமாம்."

அதை ரூபியிடம் சொல்வது கேட்டது. பிறகு, "என்ன ஊருங்க அது."

ஜனவரி 6

எழுதவே கூச்சம். ஆனாலும் எழுதிவைக்கிறேன்.

பெனிட்டா ஒருவழியாகச் சம்மதித்தாள். பாத்ரூம் தரையில் துண்டு விரித்து உட்கார்ந்து கால் நீட்டினேன். போன் வாஷ்பேசின் மேல். அதில் கிரேஸின் நெற்றியும் ஒரு கண்ணும். தண்ணீரில் தர்மாமீட்டர் விட்டேன்.

"அது எதுக்கு? முழங்கையை விட்டுப் பாருங்க."

"டிகிரி தெரிய வேண்டாமா?"

"உங்க முழங்கைக்குத் தெரியும்."

முழங்கைக்கு ஒன்றும் தெரியவில்லை. குழந்தையைக் காலில் கிடத்தி ஏழெட்டுச் சொம்பு ஊற்றியிருப்பேன். அப்புறம்தான் பார்த்தேன், தரையில் தண்ணீர் போக ஓட்டையே இல்லை! இந்த ஊர்க் குளியலறைகள் இப்படித்தானாம். தண்ணீர் கதவடியில் புகுந்து மரத்தரைக்கு. பெனிட்டா அலறி, குழந்தையைப் பிடுங்கிக்கொண்டாள். போனில், "என்ன ஆச்சு? பிள்ளையைக் காட்டுங்க! பிள்ளையைக் காட்டுங்க!" அதோடு நெட் போயிற்று.

கீழ்வீட்டு அம்மாள் கதவைத் தட்டினார். அவர் கூரையில் சொட்டுகிறது. திட்டவில்லை. கையில் துடைப்பான், வாளி. அது திட்டைவிட மோசம்.

இரவு ஜோயல்: "மாமா, இது இன்னா சேக்காடு ஊடா, ஊத்துனா ஓட்றதுக்கு?" சிரிப்பாகத்தான் சொன்னார். ஆயுசெல்லாம் தொழிற்சாலையில் மற்றவன் செய்ததைச் சோதித்துப் பார்க்கிற வேலை செய்தவன். தரையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றவில்லை.

ஜனவரி 9

யோசித்து ஒரு வழி. நானே குளியல் தொட்டிக்குள் உட்கார்ந்துவிட்டால்? தண்ணீர் அதற்குள்ளேயே போய்விடும். முதலில் ஒரு அரிசிப் பையைக் காலில் போட்டுப் பழகினேன். பெனிட்டா பார்த்துவிட்டுப் போனாள். பிறகு குழந்தையோடு வந்தாள்.

வேட்டியை மடித்துக் கட்டித் தொட்டிக்குள் கால் நீட்டினேன். தர்மாமீட்டர் வைத்தேன் (முழங்கையும்). குப்புறப் போட்டு முதுகு, புரட்டி மார்பு, நெற்றியில் கைவைத்துத் தலைக்கு. குழந்தை முதலில் கத்திற்று. பிறகு என் முழங்காலை வெறித்துப் பார்த்துக்கொண்டு சும்மா கிடந்தது. கை நடுங்கவில்லை. துடைத்துப் பால் கொடுத்ததும் அப்படி ஒரு தூக்கம். பெனிட்டாவும் அசந்து தூங்கினாள், பிரசவத்துக்குப் பிறகு முதல் தடவையாக.

நெட் இன்று ஒழுங்கு. ஆரம்பத்திலிருந்து கடைசிவரை கிரேஸ் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு திருத்தம் இல்லை, ஒரு வார்த்தை இல்லை. "எப்படி?" என்று கேட்கத் திரும்பினேன். போனை வைத்துவிட்டிருந்தாள்.

ஏதோ தப்புச் செய்திருக்கிறேன். எதுவென்று தெரியவில்லை.

ஜனவரி 15

தினமும் குளியல். கிரேஸ் அந்த நேரத்தில் கூப்பிடுவதில்லை. நான் கூப்பிட்டால், "நீங்களே பாத்துக்குங்க. அதான் நல்லா வருதே."

ரூபியிடம் தனியாகக் கேட்டேன். "அக்கா அன்னைக்கு முழுக்கச் சாப்பிடலை அத்தான்."

சரியாகச் செய்யாவிட்டால் கோபம். சரியாகச் செய்தால் பட்டினி. நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

பிப்ரவரி 8

வெயில்! மலை விளிம்பில் சற்று நேரம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினேன். போர்வையை விலக்குமுன் போய்விட்டது.

மார்ச் 3, சேக்காடு

வந்தாயிற்று. காலை எட்டுக்கே வெயில் சுடுகிறது. அங்கே கொஞ்சம் கொண்டுபோயிருக்கலாம்.

கிரேஸ் தடியூன்றி நடக்கிறாள். குழந்தையைப் பற்றி எல்லாம் கேட்டாள். குளியலைப் பற்றி மட்டும் கேட்கவில்லை.

ஏப்ரல் 21

கிரேஸின் பழைய விசா காலாவதி. புதிதாக மனு. விசா மையத்தில் விரல் ரேகை விழவில்லை. துடைத்து வைத்தார்கள், அழுத்தி வைத்தார்கள். "பாத்திரம் தேய்ச்ச கை, அப்படித்தான் இருக்கும்" என்றாள். ரேகை எடுத்த பெண் சிரிக்கவில்லை. வேறொரு நாள் வரச் சொல்லிவிட்டாள். வீடு திரும்பும் பஸ்ஸில் கிரேஸ் விரல் நுனிகளையே தேய்த்துக்கொண்டு வந்தாள். நான் அங்கேயே வற்புறுத்தியிருக்க வேண்டும். எனக்கு எங்கே வருகிறது?

மே 9

மாடியில் துணி எடுத்துவிட்டு இறங்கி வந்தேன். ஹாலில் கிரேஸ் தரையில் உட்கார்ந்து கால் நீட்டியிருந்தாள். மடியில் தலையணை. இடது கால் நேராகவில்லை, வளைந்தே நின்றது. தலையணை சரிந்து சரிந்து விழுந்தது. எழுந்திருக்கவும் முடியவில்லை அவளால். அக்குளில் கைகொடுத்துத் தூக்கினேன்.

"டாக்டர் சொன்ன எக்ஸர்சைஸ்" என்றாள்.

தலையணையை எடுத்துக் கட்டிலில் வைத்தேன்.

ஜூன் 17

இரண்டு பேருக்கும் விசா வந்தது. பெட்டி அவளே கட்டுகிறாள். கருவாடு உண்டா என்று கேட்கப் பயந்து, கேட்கவில்லை.

ஜூலை 11, மலை ஊர்

பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவள் கேட்ட முதல் கேள்வி: "பனி எங்கே?"

எங்கும் புல். மாடுகள், கழுத்தில் சொம்பு சைஸ் மணிகள். உச்சியில் மட்டும் ஒரு திட்டு வெள்ளை. நான்தான் அப்படி அனுப்பி வைத்தேன், போட்டோவில் முழுக்க வெள்ளையாக. ஏமாற்றியதுபோல் பார்த்தாள். ராத்திரிச் சாப்பாடு முடிந்தும் வெளிச்சம். குளிர்காலத்தில் காணாமற்போன வெயில் மொத்தமும் இப்போது வந்து கண்ணில் அடிக்கிறது.

குழந்தை அவளைப் பார்த்து அழுதது. ஏனோ என்னிடம் தாவியது. சந்தோஷப்படவும் முடியவில்லை.

ஜூலை 12

கிரேஸ் எண்ணெய் காய்ச்சிக்கொண்டு நின்றாள். பெனிட்டா: "அம்மா, அவ இப்ப உக்காந்துதான் குளிக்கிறா. காலெல்லாம் வேணாம்மா."

"ஒரு தடவை."

தொட்டி விளிம்பு முழங்கால் உயரம். வலது காலை உள்ளே வைத்தாள். இடது கால் மடங்கவில்லை. இரண்டு பக்கமும் நாங்கள் பிடித்தோம். மறுபடி முயன்றாள். மூன்றாம் முறை, "விடுங்க" என்று எங்கள் கையை உதறிவிட்டு வெளியே போய்ப் பால்கனியில் உட்கார்ந்தாள். எண்ணெய் ஆறிற்று.

நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். என்ன சொல்வது என்று யோசித்து யோசித்து, கடைசியில் அந்த மலையின் உயரத்தைச் சொன்னேன்.

"இப்ப அது ரொம்ப முக்கியம்" என்றாள்.

ஜூலை 13

மழை. கிரேஸ் பாத்ரூம் தொட்டிப் பக்கமே போகவில்லை. மாட்டு மணி ஓயவில்லை.

ஜூலை 14

வெயில். காலையில் பாத்ரூமிலிருந்து குரல். "என்னங்க, இங்க வாங்க."

தொட்டியருகே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். எண்ணெய்க் கிண்ணம், சொம்பு, மடியில் குழந்தை.

"வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு உள்ள இறங்குங்க."

"நானா?"

"பின்ன, கீழ்வீட்டு அம்மாவையா கூப்பிட முடியும்?"

இறங்கிக் கால் நீட்டினேன். குழந்தையைக் கிடத்தினாள். ஏழு மாதம், என் முழங்காலுக்கு வெளியே கால் தொங்குகிறது. எண்ணெய் தேய்த்தாள். முதுகு, தோள், ஒவ்வொரு விரலாக. குழந்தை வீறிட்டது. "கத்துடி, நல்லாக் கத்து. உன்னைப் பாக்க இந்தப் பாட்டி எத்தனை தடவை ரேகை வச்சா தெரியுமா?"

பெனிட்டா வாசலில். போனில் படம் எடுக்கவில்லை. நின்று பார்த்தாள்.

சொம்பில் மொண்டு கையை ஓங்கியவள் நிறுத்தினாள்.

"சூடு சரியா பாருங்க."

தர்மாமீட்டர் அலமாரியில். முழங்கையை விட்டுப் பார்த்தேன்.

"பச்சைத் தண்ணி இன்னும் கொஞ்சம்" என்றேன்.

விளாவினாள்.