மெட்ராஸ் ஐயும் என் நாத்தனாரும்

செப்டம்பர் 4, திங்கள்

விடிந்ததும் இடது கண் ஒட்டிக்கொண்டு திறக்கவில்லை. வெந்நீர் தொட்டுத் துடைத்துக் கண்ணாடியில் பார்த்தேன். மிளகாய்ப் பழம். மெட்ராஸ் ஐதான். யார் கொடுத்தது என்றும் தெரியும். சனிக்கிழமை ரேஷன் கடையில் எனக்கு முன்னால் நின்ற சோலைச்சாமி. சிவந்த கண்ணை வைத்துக்கொண்டு திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தான். எப்போதோ அவன் ஆட்டைக் கல்லால் அடித்தேன். அதற்குப் பழி.

ஞாயிற்றுக்கிழமை பேத்தி மாரிசெல்வியைப் பெண் பார்க்கச் சூலக்கரையிலிருந்து வருகிறார்கள். பையனை அவளுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. இந்த நேரத்திலா? மகன் இருளாண்டியிடம் கறுப்புக் கண்ணாடி வாங்கிவரச் சொன்னேன். போட்டுக்கொண்டால் யாருக்கும் ஒட்டாது.

செப்டம்பர் 5, செவ்வாய்

நாத்தனார் குருவம்மாள் வந்து இறங்கினாள். அத்தை இல்லாமல் நல்ல காரியமா என்று மகன் கூப்பிட்டுவிட்டான்.

இவள் வீட்டுக் காதுகுத்தில் என் இலையில் வெறும் எலும்பு. பக்கத்து இலையில் இவள் ஓரகத்திக்கு ஈரல், குவியலாக. இலையை மூடி எழுந்தேன். "ஒன் வீட்டுல இனி பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன்." அவளும் விடவில்லை. "அப்ப ஒங்க வீட்டுச் சாமான நானும் தொட மாட்டேன் மதினி." இன்றுவரை தன் தட்டு, தம்ளர், துண்டு, தலையணை எல்லாம் பையில் கட்டிக்கொண்டுதான் வருகிறாள். சோறு மட்டும் என் மருமகள் கையால் வாங்கிக்கொள்வாள். அது வேறு கணக்காம்.

ஒரு யோசனை வந்தது. இவள் முன்னால் கண்ணாடியைக் கழற்றினால் என்ன?

செப்டம்பர் 6, புதன்

அவள் கீரை ஆய்ந்து முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்து கண்கொட்டாமல் பார்த்தேன்.

"என்ன மதினி, புதுசாப் பாக்கிற மாதிரி பாக்கீக?"

"பாசந்தான் தாயி."

"எனக்கு வயித்தக் கலக்குது. அங்கன திரும்பி உக்காருங்க."

திரும்புவேனா? கண்ணில் தண்ணீர் ஊற்றியது. கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன்.

செப்டம்பர் 7, வியாழன்

அவள் கண் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. தகரக் கண்.

செப்டம்பர் 8, வெள்ளி

போச்சு. மகனுக்கும் மருமகளுக்கும் வந்துவிட்டது. பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறிய மாரிசெல்வியைப் போர்மேன் இறக்கிவிட்டார். "சீசன் நேரத்துல ஷெட்டு பூராவும் குடுத்துராத பாப்பா, வீட்டுக்குப் போ." அழுதுகொண்டே வந்தாள். "இந்தக் கண்ண வச்சிக்கிட்டு ஞாயித்துக்கிழம எப்படிப் பாட்டி நிப்பேன்?"

எனக்கு உயிரே போய்விட்டது. இந்தப் பிள்ளை முன்னால் நான் கண்ணாடியைக் கழற்றவே இல்லையே, எப்படி வந்தது?

ஆமத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நர்ஸம்மாள் சிரித்துவிட்டாள். "பார்த்தா ஒட்டாது பாட்டி. கண்ணுத் தண்ணி கையில படும். கை துண்டுல படும். அந்தத் துண்டு அடுத்தவங்க கண்ணுல படும். வீட்டுல எத்தன துண்டு?"

"கொடியில ஒண்ணுதான் கெடக்கும்" என்றாள் மருமகள். என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

இப்போது புரிகிறது. சோலைச்சாமி கண்ணைக் கசக்கிய விரலை ரேஷன் மெஷினில் வைத்தான். அடுத்து நான் வைத்தேன். அதே விரலால் முகத்து வேர்வையைத் துடைத்தேன். அவன் பார்த்ததில் குற்றமில்லை. ஆட்டு விஷயம் அப்படியேதான் இருக்கிறது.

தாய்ப்பால் விடலாமா என்று கேட்டேன். நர்ஸம்மாள் முறைத்தாள். பார்வைதான் ஒட்டாதே, நான் பயப்படவில்லை. சொட்டு மருந்து, சோப்பு, ஆளுக்கொரு துண்டு.

என் வீட்டுத் துண்டைத் தொடாத ரோஷம்தான் குருவம்மாளைக் காப்பாற்றியிருக்கிறது. நான் சண்டை போட்டு அவளுக்குச் செய்த உபகாரம்.

செப்டம்பர் 9, சனி

தள்ளிவைக்கக் கேட்டோம். ஆவணி முடியப்போகிறது, புரட்டாசியில் பேச மாட்டார்களாம், அதற்குப் பிறகு என்றால் வேறு இடம் பார்ப்பார்களாம். வருகிறவர்களுக்கும் ஒட்டக் கூடாது. நல்ல கண்ணோடு இந்த வீட்டில் இருப்பது ஒருத்திதான். அவளிடம் போய்க் கேட்பதா? மாரிசெல்வி விசும்புகிற சத்தம் கேட்டது.

கேட்டேன். "நாளைக்கு என் எடத்துல நின்னு நீதான் பாக்கணும் தாயி."

"அதுக்கென்ன மதினி. மொதல்ல மருந்து விடணும், படுங்க." சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்தாள். "நல்லா முழிங்க. மூணு நாளா என்னய முழிச்ச மாதிரி."

தெரிந்தேதான் இருந்திருக்கிறாள் பாவி.

செப்டம்பர் 10, ஞாயிறு

வேப்பமரத்தடியில் நாற்காலி. பேப்பர் கப்பில் காபி. எல்லாம் குருவம்மாள் ஏற்பாடு. நாங்கள் கறுப்புக் கண்ணாடியோடு வேலியோரம் வரிசையாக நின்றோம். மாரிசெல்வி தூரத்திலிருந்தே கும்பிட்டாள். பையன் சிரித்துவிட்டான்.

பையனின் அம்மா குருவம்மாளிடம், "பேத்திய நல்லா வளத்திருக்கீக" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

குருவம்மாள் சொன்னாள்: "நான் இல்ல தாயி. அந்தா வேலிகிட்ட நிக்காகள்ல எங்க மதினி, எல்லாம் அவுக வளப்பு."

தையில் கல்யாணம். இனி இவளை எப்படித் திட்டுவது?

செப்டம்பர் 13, புதன்

கண் தெளிந்துவிட்டது. குருவம்மாள் காலையிலேயே பையைக் கட்டி வைத்தாள். பேசிக்கொண்டே இருந்ததில் கடைசி பஸ்ஸும் போய்விட்டது. அவளை அனுப்ப வேண்டுமென்று எனக்கு ஞாபகமே வரவில்லை.