மிதவை முட்டும் சத்தம்

அப்பா,

போன ஞாயிற்றுக்கிழமை பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். என்னோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் டீச்சருக்கு அங்கே பிரசவம். மாடி வராந்தாவில் திரும்பியதும் அந்த வாசனை வந்தது. ஈர ரப்பரும் சூடேறிய மோட்டாரும் கலந்த வாசனை. அதற்குப் பிறகுதான் சத்தம் கேட்டது. தரையில் தேங்கியிருந்த கழுவுநீரை ஓர் ஆயாம்மா, சக்கரம் வைத்த டிரம்மின் குழாயால் உறிஞ்சிக்கொண்டிருந்தாள். கால்களில் செருப்பில்லை. அந்தத் தண்ணீரிலேயே நின்றிருந்தாள்.

கையில் ஆரஞ்சுப் பழப் பையோடு நான் சுவரோரமாக ஒதுங்கி நின்றுவிட்டேன். நீங்கள் போன பிறகு அந்த மிஷினை நான் பார்ப்பது இதுவே முதல் தடவை.

உங்களுக்கு எழுதினால் எங்கே சேரும் என்று தெரியாது. ஆனாலும் இதை உங்களிடம்தான் சொல்ல வேண்டும்.

ஓசூர் எண்ணெய் மில்லின் தரை எனக்கு இன்னும் கனவில் வருகிறது. ஆமணக்கு அரைக்கும் இடம். எண்ணெயும் கழுவிய தண்ணீரும் சேர்ந்து சிமெண்டுத் தரை எப்போதும் பளபளவென்று இருக்கும். உமியைத் தூவிக் கூட்டுவார்கள். கூட்டிய இடம் மறுபடி மினுங்கத் தொடங்கிவிடும். நீங்கள் அங்கே ஃபிட்டர். அம்மா வேகவைத்த கொட்டையைக் கூடையில் சுமந்து செக்குக்குக் கொண்டுபோவாள். நான் கல்லூரி விடுதியில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், உமி தீர்ந்துபோன தரையில் அம்மா வழுக்கி, செக்கின் இரும்புக் காலில் தலை மோதி விழுந்தாள். நான் பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள்.

கருமாதி முடிந்த கையோடு நீங்கள் பெங்களூர் பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். அழுவீர்கள் என்று நினைத்திருந்தேன். நீங்கள் மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்கள்.

உங்கள் குணம் அப்படி. மில்லின் சத்தத்துக்கு மேலே கேட்கும் குரல் உங்களுடையது. முதலாளியிடம் தெலுங்கு, லாரிக்காரர்களிடம் கன்னடம், வீட்டில் தமிழ். மூன்று பாஷையிலும் பீற்றிக்கொள்ளத் தெரிந்தவர் நீங்கள். நானோ பஸ்ஸில் டிக்கெட் கேட்பதற்கே இரண்டு தடவை தொண்டையைச் சரிசெய்கிறவள். "படிச்ச புள்ள, வாயத் தெறந்து பேசேன் பாப்பா. காத்துதானே வெளிய வரப்போவுது, காசா வரப்போவுது?" என்பீர்கள்.

எண்ணெய் டிரம், பழைய மோட்டார், டியூப் கடை பாய் கொடுத்த லாரி டியூப். இவற்றை வைத்து, தரையிலிருந்து தண்ணீரையும் எண்ணெயையும் உறிஞ்சி டிரம்முக்குள் இழுக்கும் மிஷினைச் செய்தீர்கள். முதலில் செய்தது கெட்டுப்போனது. டிரம் நிறைந்து தண்ணீர் மோட்டாருக்குள் ஏற, தொட்ட உங்களைக் கரண்ட் தூக்கி அடித்தது. அதற்குப் பிறகுதான் தகரத்தில் ஓர் உருண்டை செய்து உள்ளே விட்டீர்கள். தண்ணீர் ஏற ஏற அந்த மிதவையும் ஏறும். ஓர் அளவு வந்ததும் காற்றுக் குழாயின் வாயில் போய் முட்டும். கூடவே ஒரு கம்பியைத் தள்ளி, மோட்டாரையும் நிறுத்திவிடும். முட்டும்போது 'டொக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே திரும்பத் திரும்பத் தண்ணீரைக் கொட்டி உறிஞ்சுவீர்கள்.

இதற்கு பேட்டண்ட் வாங்கலாம் என்று நான்தான் சொன்னேன். வாங்கினால் என்ன கிடைக்கும் என்று கேட்டீர்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் வேறு யாரும் இதைச் செய்து விற்க முடியாது என்றேன். டிரம்முக்குள் கையை விட்டு மிதவையை ஒருமுறை உயர்த்திப் பார்த்தீர்கள். பிறகு, "அப்ப மிதவை இல்லாம எவனாச்சும் செஞ்சா, செய்யாதடான்னு நிறுத்தலாமா?" என்று கேட்டீர்கள்.

"நிறுத்தலாம்பா."

"எழுது."

பணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. இன்னொரு வீட்டு வாசலில் பந்தல் விழக்கூடாது என்பது மட்டும்தான் உங்கள் நினைப்பாக இருந்தது.

ஆடி முடியும் முன்பே எழுதி, படம் வரைந்து, எல்லாம் தயாராக வைத்துவிட்டேன். தபாலில் சேர்க்கப் போனபோது தடுத்தீர்கள். "பூஜை போடாத இரும்புக்கு யாராவது பேர் வெப்பாங்களா? ஆயுத பூஜை வரட்டும்." எனக்கும் அதில் தப்பு எதுவும் தெரியவில்லை. நம் பக்கத்தில் புது வண்டியானாலும் புது மோட்டாரானாலும் பொட்டு வைக்காமல் வெளியே போகுமா?

ஆயுத பூஜை அன்றைக்கு மில்லுக்குள் கடைத்தெருவே கூடியிருந்தது. நீங்கள்தான் எல்லோரையும் கூப்பிட்டிருந்தீர்கள். டிரம்முக்கு மாலை போட்டு, சந்தனம் பூசி, முன்னால் அம்மாவின் போட்டோவை வைத்தீர்கள். அதன் பக்கத்தில், தட்டில், நான் எழுதிய விண்ணப்பம். அதன் ஒவ்வொரு மூலையிலும் மஞ்சள் தடவினீர்கள். பிறகு ஆரத்தித் தண்ணீரைத் தரையிலேயே கொட்டச் சொன்னீர்கள், அம்மா விழுந்த இடத்தில்.

"ஆரத்தியப் போய் உள்ள கொட்டுவாங்களா?" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

"கொட்டுங்கய்யா. எங்க போவுதுன்னு பார்த்துகினே இருங்க."

சிவப்புத் தண்ணீர் குழாய்க்குள் ஓடி மறைந்தது. குடம் குடமாகக் கொட்டினார்கள், அத்தனையும் போனது. டிரம்மின் மூடியைத் திறந்து, மிதவை எப்படி ஏறுகிறது என்று ஒவ்வொருவரையும் எட்டிப் பார்க்கச் சொன்னீர்கள். மூடி மாட்டி மறுபடி ஓட்டியபோது 'டொக்' என்று முட்டி மோட்டார் தானாக நின்றது.

"என்னா மேஸ்திரி, கொஞ்சம் குடிச்சதும் படுத்துகிச்சு?" என்று ஒரு லாரி டிரைவர் கேட்டார்.

"குடிக்கிறது பெருசில்லடா. எப்ப நிறுத்தணும்னு தெரியணும். தினம் அத்திப்பள்ளி சாராயக் கடைக்குப் போயிட்டு வர உனக்கு அது தெரியுமா?"

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. முதலாளியோடு வந்திருந்த பெங்களூர் மிஷின் கடைக்காரர் மட்டும் குனிந்து மூடிக்குள் நெடுநேரம் பார்த்தார். "சென்னாகிதே, ரொம்ப நல்லா இருக்கு" என்று உங்கள் தோளைத் தட்டினார். அவர் கை நிறையப் பொரியை அள்ளிக் கொடுத்தீர்கள். அம்மா போன பிறகு நீங்கள் சிரித்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

விஜயதசமி முடிந்து விண்ணப்பம் கல்கத்தா பேட்டண்ட் ஆபீசுக்குப் போனது. பரிசோதித்தவர்களிடமிருந்து பல மாதம் கழித்து ஒரு கேள்வி வந்தது. காற்றால் உறிஞ்சுவது ஏற்கெனவே உலகத்தில் உள்ளது. இதில் உங்களுடையது எது என்று குறிப்பாகச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார்கள். நான் படித்துச் சொன்னதும் நீங்கள் குதித்தீர்கள்.

"எது என்னுதுன்னு கேக்கறானா? எல்லாம் என்னுது!"

ஆனால் சாயங்காலம் மிஷினை முழுக்கப் பிரித்து முற்றத்தில் பரப்பி வைத்தீர்கள். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தீர்கள். மோட்டார் பழைய கடையுடையது. டிரம் மில்லுடையது. டியூப் பாயுடையது. காற்றை இழுக்கும் விசிறி எவனோ வெள்ளைக்காரன் கண்டுபிடித்துவிட்டுப் போனது. எல்லாம் ஒரு பக்கம் போய்ச் சேர, கடைசியில் தகர உருண்டையும் அதன் கம்பியும் மட்டும் உங்கள் முன்னால் இருந்தன. அதை உள்ளங்கையில் உருட்டியபடி, "இது மட்டும்தான் பாப்பா" என்றீர்கள். குரல் இறங்கியிருந்தது. தோற்றுப்போன குரல் என்று அப்போது நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை.

மிதவைக்கு மட்டும் உரிமை கேட்டுத் திருத்தி எழுதினேன்; அப்படிக் கேட்டால் மிதவை இல்லாததை நிறுத்த முடியாது என்பது எனக்கு உறைக்கவில்லை. ஏற்றுக்கொண்டார்கள். ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்கலாம் என்று விளம்பரமும் போட்டார்கள். நீங்கள் கடைத்தெரு முழுக்க இனிப்புக் கொடுத்தீர்கள்.

ஆட்சேபம் வந்தது. தோளைத் தட்டிய அதே பெங்களூர்க்காரரிடமிருந்து. விண்ணப்பம் போய்ச் சேரும் முன்பே ஊரறிய ஓட்டிக் காட்டிய பொருளுக்கு பேட்டண்ட் கிடையாது. ஆயுத பூஜை அன்று இந்த மிதவையை ஊரே பார்த்தது என்று எழுதியிருந்தார். அப்படி ஒரு விதி இருப்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அதைவிடப் பெரிய அடி, சாட்சிகள். அவருடைய ஆள் கடைத்தெருவுக்கு வந்து, "மேஸ்திரியோட மிஷினை அன்னிக்குப் பார்த்தீங்களா?" என்று விசாரித்திருக்கிறான். நம் ஜனங்கள் உங்களுக்கு நல்லது செய்வதாக நினைத்து, நான் முந்தி நீ முந்தி என்று சொல்லியிருக்கிறார்கள். பார்த்தோம், பிரமாதமாக உறிஞ்சியது, மூடியைத் திறந்தே காட்டினார், மிதவை ஏறியதைக் கண்ணால் கண்டோம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். பார்க்காதவர்கள்கூடப் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். பாய் ஓடிவந்து நம் வாசலில் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஒசத்தியாத்தான் சொன்னேன் மேஸ்திரி. ஒன்னப் பத்தி எவனாச்சும் கேட்டா நான் கொறச்சா சொல்லுவேன்?"

"நீ என்னா பொய்யா சொன்ன? எந்திரி பாய், டீ குடி" என்றீர்கள்.

அன்று நடந்தது வெறும் சோதனை ஓட்டம், மிஷின் சரியாக வேலை செய்யவில்லை என்று எழுதிக் கொடுத்தால் ஒருவேளை தப்பிக்கலாம் என்றார் நாம் பார்க்கப் போன சேலத்து வக்கீல். நீங்கள் அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னீர்கள். "எம் பொண்டாட்டி விழுந்த எடத்துல, அவ போட்டோவ வெச்சு ஓட்டினேனுங்க. அதப் போய் வேலை செய்யலன்னு எப்படிங்க எழுதறது?"

வக்கீல் என் பக்கம் திரும்பினார். எனக்குப் பேச வரவில்லை. வந்திருந்தாலும் நான் உங்கள் பக்கம்தான் பேசியிருப்பேன்.

பேட்டண்ட் மறுக்கப்பட்டது. அடுத்த கோடையில் பெங்களூர் மிஷின்கள் விற்பனைக்கு வந்தன. பச்சைப் பெயிண்ட், நல்ல சக்கரம், எல்லாம் அழகாக இருந்தன. மிதவை இல்லை. அதை வைத்து விற்கத்தான் ஆட்சேபம் போட்டவர், கணக்குப் பார்த்து விட்டுவிட்டார்; அது இல்லாவிட்டால் டிரம் சின்னதாகிறது, செலவு குறைகிறது. நம் மில் முதலாளியும் ஒன்று வாங்கினார். உங்கள் பழைய டிரம் குடோனுக்குப் போனது.

நீங்கள் அந்தப் பச்சை மிஷினைப் பிரித்து, உங்கள் உருண்டையை உள்ளே மாட்டினீர்கள். முதலாளி சத்தம் போட்டார். "கம்பெனி மிஷின்ல கை வெச்சா கியாரண்டி போயிடும். கழட்டு." கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, சாமி மாடத்தில் அம்மாவின் போட்டோ பக்கத்தில் வைத்தீர்கள். அதன் பிறகு வீட்டில் உங்கள் குரல் கேட்பது குறைந்துபோனது. பக்கத்து வீட்டுக்காரர்கள், "ஊர்ல இல்லையா மேஸ்திரி?" என்று கேட்கும் அளவுக்குக் குறைந்தது.

நடந்ததை எனக்குப் பாய்தான் சொன்னார். கூட்டுகிற லட்சுமம்மா மிஷினை ஓட்டிக்கொண்டிருக்கிறாள். டிரம் நிறைந்து மோட்டாருக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. கரண்ட் ஏறிய கைப்பிடி அவளைப் பிடித்துக்கொண்டது. நீங்கள் அவளைத் தொடவில்லை. தொடக்கூடாது என்று உங்களுக்குத் தெரியாதா? மில்லின் அந்தக் கோடியில் இருந்த மெயின் சுவிட்சைப் பார்த்து ஓடினீர்கள். "மெயினை அணைங்கடா" என்று நீங்கள் போட்ட சத்தம் ரோட்டைத் தாண்டி டியூப் கடை வரைக்கும் கேட்டதாம். ஆனால் தரை, அப்பா. அம்மாவை வாரிவிட்ட அதே தரை. வழுக்கிய உங்கள் கை பிடித்துக்கொள்ள எதையோ தேடி, அந்தப் பச்சை டிரம்மைப் பிடித்துவிட்டது.

உங்கள் சத்தத்தைக் கேட்டு யாரோ ஓடிப்போய் சுவிட்சை அணைத்தார்கள். லட்சுமம்மா பிழைத்துக்கொண்டாள். உள்ளங்கையில் தழும்போடு இப்போது காவேரிப்பட்டினத்தில் மகள் வீட்டில் இருக்கிறாள். என்னைப் பார்த்தால் அந்தக் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொள்கிறாள்.

மறுபடியும் நம் வாசலில் பந்தல் போட்டார்கள். அதன் பிறகு நான் கிருஷ்ணகிரிக்கு வேலைக்கு வந்துவிட்டேன். தகர உருண்டையும் என்னோடு வந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபோது என்னால் நகர முடியவில்லை. மோட்டாரின் சத்தம் மெல்ல மெல்லக் கனத்துக்கொண்டு வந்தது. டிரம் நிறையும்போது அப்படித்தான் கனக்கும், உங்களோடு உட்கார்ந்து கேட்டுப் பழகிய காது இது. இப்போது முட்டும், இப்போது முட்டும் என்று காத்திருந்தேன். 'டொக்' வரவில்லை.

ஆரஞ்சுப் பையைத் தரையில் வைத்துவிட்டு, ஈரம் படாமல் சுவரோரமாக நடந்துபோய் சுவிட்சை அணைத்து பிளக்கையும் பிடுங்கினேன்.

"ஏம்மா! யாரும்மா நீ? பாதி வேலையில புடுங்கற?" என்றாள் ஆயாம்மா.

"உள்ள மிதவை இல்லம்மா! தண்ணி ரொம்பினா மோட்டாருல ஏறும், ஒன்ன அடிச்சிடும்!"

வராந்தா முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவ்வளவு சத்தம் எனக்குள் எங்கிருந்தது என்று எனக்கே தெரியவில்லை.

"யாரு சொன்னது?"

"இத மொதல்ல செஞ்சவரு."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். மேலதிகாரி யாராவது வருவார் என்று நினைத்தேன், வரவில்லை. நாங்கள் இருவருமாக டிரம்மைத் தள்ளிப்போய்ச் சாக்கடையில் கவிழ்த்தோம். விளிம்பு வரை இருந்தது. டிரம்மின் உள்பக்கம் பாதி உயரத்தைக் காட்டி, "சத்தம் கனக்க ஆரம்பிச்சா இவ்வளவு ஆயிடுச்சுன்னு அர்த்தம், நிறுத்திக் கொட்டிடு. அது தானா நிக்காது. நீதான் நிறுத்தணும்" என்றேன்.

"தெனமும் எனக்கு இதேதாம்மா வேலை. எத்தன தடவ கொட்டுவேன்?" என்றாள். நான் ஆரஞ்சுப் பையை எடுத்துக்கொண்டேன்.

டீச்சரையும் குழந்தையையும் பார்த்துவிட்டு மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தேன். மேலே மோட்டார் மறுபடி ஓடத் தொடங்கியது. கிருஷ்ணகிரி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஆனாலும் கைப்பிடியைப் பிடித்தபடி நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கே மோட்டார் ஓடினாலும் எனக்கு இப்போது அப்படித்தான், அப்பா. காது உங்கள் மிதவைக்காகக் காத்திருக்கும்.

சத்தம் கொஞ்சம் கனத்தது. பிறகு நின்றது. சக்கரம் உருண்டது. சாக்கடையில் தண்ணீர் விழுந்தது.

அதைக் கேட்ட பிறகுதான் மீதிப் படிகளில் இறங்கினேன்.