நான் படித்துச் சொன்ன எண்கள்

ஜூன் 3, செவ்வாய்

இவர் காலை மடியில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்தேன். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் இந்தக் காலை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. இடது பாதம் வீங்கிச் சிவந்திருக்கிறது. வலி மட்டும் இல்லை. சர்க்கரை நரம்பைத் தின்றுவிட்டதாம், வலிக்காததுதான் ஆபத்தாம்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்வர ஒரு நாள் முழுக்க ஆகிறது. அதனால் இனிமேல் கால் டாக்டர் செவ்வாய்தோறும் வீடியோவில் பார்ப்பாள். சின்னப் பெண், பொறுமையாகப் பேசுகிறாள். உள்ளே எலும்பு இளகியிருக்கிறது, பாதத்தில் சூடு அடங்குகிற வரைக்கும் ஆஸ்பத்திரியில் மாட்டிவிட்ட பெரிய பூட்ஸைக் கழற்றக் கூடாது, காலை ஊன்றவும் கூடாது, ஊன்றினால் நொறுங்கிவிடும் என்றாள். பார்க்கும்போது மட்டும் பூட்ஸைக் கழற்றி, இரண்டு பாதத்திலும் ஒரே இடத்தில் வெப்பமானியைக் காட்டி, நான் எண்ணைப் படிக்க வேண்டும். வித்தியாசம் இரண்டு டிகிரிக்குள் வரணும்.

"எனக்குக் கண்ணு மட்டும்தான் இருக்கு. கை நீங்கதாம்மா."

எனக்கா சொல்லித் தர வேண்டும்? பால் பண்ணையில் பத்தொன்பது வருஷமாக வெப்பமானிதான் பிழைப்பு. ஒரு டிகிரி கூடினாலும் டேங்கரையே திருப்பி அனுப்புகிறவள் நான்.

இடது 34.2. வலது 30.4.

ஜூன் 10

34.0, 30.5. இவர் முகம் தொங்கிப்போயிற்று. அடுத்த மாசம் பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் போட்டி. நாற்காலியில் உட்கார்ந்து விசில் ஊதுகிற டிரில் மாஸ்டரை எந்தப் பிள்ளை மதிக்கும் என்கிறார். உதவி மாஸ்டர் இப்போதே இவர் அறையில் வந்து உட்கார்ந்துவிட்டானாம்.

ஜூன் 13

பண்ணையிலிருந்து சீக்கிரம் வந்தேன். பூட்ஸ் கட்டிலுக்கடியில் கிடக்கிறது. இவர் மாடிப்படி இறங்கி வருகிறார். எங்கே போனீர்கள் என்றால் பாத்ரூமுக்காம். மொட்டை மாடியில் ஏது பாத்ரூம்?

ஜூன் 17

எழுதவே கூசுகிறது.

டாக்டர் வருவதற்கு ஐந்து நிமிஷம் முன்னால், "முப்பத்திரண்டுன்னு சொல்லு" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

"ஒரு நம்பர்தானே. கோர்ட்ல சாட்சியா சொல்லப்போற?"

குரலை உயர்த்தவில்லை. இவர் உயர்த்தாத குரலுக்குத்தான் நான் பயப்படுவேன். கருவியில் 34.3. என் வாயில் 32.1. வலதுக்கு உள்ளதைச் சொன்னேன், 30.6. அந்தப் பெண்ணுக்கு அவ்வளவு சந்தோஷம். நன்றாகப் பார்த்துக்கொள்கிறேனாம்.

ஏன் சொன்னேன்? அடிப்பாரா? ஒரு நாளும் கை ஓங்கினதில்லை. நாலு நாள் பேசமாட்டார், தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோவார். அவ்வளவுதான். அந்த நாலு நாளுக்குப் பயந்துகொண்டு — சீ.

ஜூன் 18

இன்று ஒரு டேங்கரில் சூடு கூடுதல். "ஒரு டிகிரிதானேக்கா" என்று டிரைவர் கெஞ்சினார். திருப்பி அனுப்பிவிட்டேன். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு அனுப்பினேன் என்று தெரியவில்லை.

ஜூன் 24

31.8 என்றேன். இந்தத் தடவை இவர் எதுவும் கேட்கவில்லை. நானாகவே சொன்னேன். வீக்கம் தெரியக் கூடாதென்று ஜன்னலைச் சாத்தினதும் நானேதான்.

ஜூலை 1

பூட்ஸ் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கலாம், இனி வீடியோ வேண்டாம், மாசக் கடைசியில் நேரில் வந்து எக்ஸ்ரே எடுங்கள் என்றாள் டாக்டர். இவர் காதில் 'நடக்கலாம்' மட்டும் விழுந்தது. சாயங்காலமே ஷூவைத் தேடினார். தேடிக் கொடுத்தேன்.

ஜூலை 15

போட்டி முடிந்தது. காலையிலிருந்து பொழுது சாய்கிறவரை மைதானத்தில் நின்றிருக்கிறார். ஷூவைக் கழற்றினால் — உள்ளங்காலில் குழிவாக இருந்த இடம் கீழே புடைத்துக்கொண்டு நிற்கிறது. பாதமே தொட்டில் மாதிரி வளைந்துவிட்டது. "வலிக்கலையே, வலிக்கலையே" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். வலிக்காதுன்னுதானே அந்தப் பொண்ணு தலைதலையா அடிச்சுக்கிட்டா!

ஜூலை 17

பெரிய ஆஸ்பத்திரி. எக்ஸ்ரேயில் நடுப்பாதத்து எலும்புகள் இடிந்து உட்கார்ந்திருக்கின்றன. டாக்டர் பழைய குறிப்புகளைத் திறந்து ஒவ்வொரு செவ்வாயாகப் பார்த்தாள். இந்த எண்ணெல்லாம் சரிதானா என்று கேட்டாள். நான் இவரைப் பார்த்தேன். இவர் சுவரைப் பார்த்தார்.

"அவதான் படிச்சா, டாக்டர். எனக்கு கண்ணாடி இல்லாம ஒண்ணும் தெரியாது."

இருபத்தாறு வருஷம்.

ஆமாம், நான்தான் படித்தேன் என்றேன். அதில் பொய் இல்லையே.

ஜூலை 20

நாத்தனார் வந்தாள். பாலிடம் காட்டுகிற அக்கறையில் பாதியை அண்ணன் காலிடம் காட்டியிருக்கலாமே அண்ணி என்றாள். இவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தைக்கூடத் திருப்பவில்லை. அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன்.

செப்டம்பர் 9

ஆஸ்பத்திரியில் இவர் காலின் மாவுக்கட்டை மாற்றினார்கள். இவர் நாலு நாள் பேசாமல் இருப்பதற்குப் பயந்தவள், நான் பேசாமல் ஏழு வாரம் ஆகிறது. இவருக்கு அது தெரிந்த மாதிரியே இல்லை.

டிசம்பர் 2, செவ்வாய்

காலை எடுக்காமல் பிழைத்தது. ஆனால் வளைந்தது வளைந்ததுதான். அளவெடுத்துத் தைத்த செருப்பு, கைத்தடி. பள்ளிக்கூட ஆபீசில் ஒரு மேஜை கொடுத்திருக்கிறார்கள். விசில் அலமாரியில் கிடக்கிறது.

கட்டு பிரித்த பிறகு இன்றுதான் முதல் வீடியோ. ஸ்டூலில் போனைச் சாய்த்து, ஜன்னலை நன்றாகத் திறந்துவைத்தேன். வெப்பமானியை எடுத்ததுமே டாக்டர் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை, எல்லாரிடமும் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

"நம்பர நீங்க சொல்ல வேணாம்மா. கருவிய கேமராவுக்குக் காட்டுங்க."

பண்ணையில் என் கையெழுத்துக்கு மேல் மேனேஜர்கூடக் கேள்வி கேட்பதில்லை.

வலது 30.6. இடது 31.3. ஒரு டிகிரிகூட வித்தியாசம் இல்லை. சூடு நிஜமாகவே அடங்கிவிட்டது. எண் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. முழுங்கிக்கொண்டு கருவியைத் திருப்பிக் காட்டினேன்.

"இன்னும் கொஞ்சம் கிட்டம்மா. சரியா தெரியல."

கிட்டக் கொண்டுபோனேன்.