கஞ்சாத் தோட்டமும் நேர்வரிசையும்

ஃப்ரீமான்ட்,
2 ஜூலை 1999

அன்புள்ள வசுமதி,

நான் அமெரிக்காவில் கஞ்சா பயிரிடுவதாக உன் சம்பந்தியம்மாள் ஈரோடு முழுவதும் சொல்லி வருகிறாராம். பயிரிடவில்லை, தோட்டங்களை எண்ணுகிறேன். மற்றபடி நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

மலைக்காட்டில் மறைவாகக் கஞ்சா வளர்ப்பதால் ஓடைகள் எவ்வளவு வற்றுகின்றன என்று என் மகள் எழிலரசியின் அலுவலகத்தில் வரைபடம் போடுகிறார்கள். விமானத்திலிருந்து எடுத்த படங்களைப் பூதக்கண்ணாடியால் பார்த்து, தோட்டங்களைச் சிவப்பு மையால் குறிப்பது என் வேலை. சம்பளம் கிடையாது. பகலெல்லாம் பூட்டிய வீட்டில் தனியாக உட்கார வேண்டியதும் கிடையாது.

போன வாரம் ஒரு சிறு தவறு. செடிகள் நூல் பிடித்தாற்போல் வரிசையாக இருந்த பதினோரு தோட்டங்களைப் பழத்தோட்டம் என்று விட்டுவிட்டேன். திருட்டுத்தனம் செய்கிறவன் இத்தனை ஒழுங்காக நடுவான் என்று கான்வென்டில் படித்த எனக்கு எப்படித் தோன்றும்?

“அய்யோ அம்மா, அது அத்தனையும் கஞ்சா! நீ பேசாம வீட்ல ரெஸ்ட் எடும்மா,” என்றாள் எழில்.

“திருத்தித் தருகிறேன். என் நாற்காலியை மட்டும் எடுத்துவிடாதே,” என்றேன்.

மாதக் கடைசிவரை தவணை கொடுத்திருக்கிறாள். அதற்குள் நான் உபயோகமானவள் என்று காட்டியாக வேண்டும். உன் வீட்டுக்காரர் வேளாண்மைத் துறையில் முப்பது வருஷம் இருந்தவர். ஒரு கஞ்சாச் செடி ஒரு நாளைக்கு எத்தனை குடம் தண்ணீர் குடிக்கும் என்று அவரிடம் கேள். கூச்சப்படுவார், விடாதே.

போனில் சொல்ல வேண்டாம்; போன் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. வீட்டு விஷயங்களையும் சேர்த்து, நீளமாகக் கடிதத்தில் எழுது.

உன் அக்கா,
சௌந்தரவல்லி